பேசும் இயந்திரமும் பேசாத கல்பும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்தொடர்ந்த நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து வெளியே வரும்போது, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி செல்போனை நீட்டினார். "ஹஜ்ரத், இந்த ஹதீஸை நம்ம மஹல்லா குரூப்பில் போடலாமா?" என்று கேட்டார். பெற்றோரின் கண்ணீரைப் பற்றிய ஹதீஸ் என்று திரையில் இருந்தது. அழகான வாசகம். கீழே "புகாரி" என்று நூலின் பெயரும் ஓர் எண்ணும் போடப்பட்டிருந்தன. படித்ததும் எனக்கே மனம் இளகியது. "போடுங்க தம்பி" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று இருவரும் உட்கார்ந்து கிதாபைத் திறந்தோம். அந்த எண்ணில் வேறு விஷயம் இருந்தது. மற்ற நூல்களிலும் தேடினோம். எங்கேயும் இல்லை. தம்பி அந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமே "இந்த எண்ணில் அந்த ஹதீஸ் இல்லையே" என்று எழுதினார். உடனே, "மன்னிக்கவும், தவறு நேர்ந்துவிட்டது. இது முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது" என்று வேறோர் எண்ணைத் தந்தது. அங்கேயும் இல்லை. மூன்றாவது முறை கேட்டார். அதே பணிவு, அதே மன்னிப்பு, இன்னோர் எண். அதுவும் இல்லை.

தம்பி முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறி ஒரு கேள்வி கேட்டார்: "ஹஜ்ரத், இது பொய் சொல்லுதா?"

சிறிய கேள்விதான். ஆனால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பொய் சொல்ல வேண்டுமானால் உண்மை எதுவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அதற்கு மாறாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வேண்டும். அந்த எண்ணம் உட்காரும் இடத்திற்குப் பெயர்தான் கல்பு. அந்த இயந்திரத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா? அந்தத் தம்பியின் கேள்விதான் இன்றைய ஜுமுஆவின் தலைப்பு.

அடுத்த சொல் எது?

சகோதரர்களே! நான் "அஸ்ஸலாமு" என்று சொல்லி நிறுத்தினால், "அலைக்கும்" என்று உங்கள் நாவு தானாக முடித்துவிடும். யோசிக்கவே வேண்டாம். சிறு வயதிலிருந்து ஆயிரமாயிரம் முறை கேட்ட பழக்கம் அது.

இன்று பேசும் இயந்திரங்களின் அடிப்படை ஏறக்குறைய இதுதான். மனிதர்கள் எழுதிக் குவித்த எழுத்துக்களை எண்ணிலடங்காத அளவில் அதற்குள் செலுத்திப் பழக்குகிறார்கள். இத்தனை சொற்களுக்குப் பிறகு எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று அது கணக்கிடுகிறது. ஒரு சொல்லைப் போடுகிறது. அதையும் சேர்த்துக்கொண்டு அடுத்ததைக் கணக்கிடுகிறது. இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறது. பலகோடி எழுத்துக்களைக் கண்ட கணக்கு என்பதால் பல நேரங்களில் சரியான விடையே வருகிறது. அது மருத்துவருக்கும் மாணவருக்கும் பெரிய உதவியாகவும் இருக்கிறது.

ஆனால் ஹதீஸ் போன்று தோன்றும் ஒரு வாசகத்தை ஆக்குவதற்கு அந்த ஹதீஸ் உண்மையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. "அல்லாஹ்வின் தூதர் கூறினார்கள்" என்று தொடங்கினால் பிறகு என்ன மாதிரியான சொற்கள் வரும், முடிவில் எந்த நூலின் பெயர் வரும் என்ற பழக்கம் போதும். அந்தத் தம்பிக்குக் கிடைத்தது அதுதான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இரண்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் பழைய தீர்ப்புகள் சில மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தன. நீதிபதி தேடிப் பார்த்தால் அப்படி வழக்குகளே நடந்ததில்லை. சாட்ஜிபிடி ஆக்கிக் கொடுத்த தீர்ப்புகள் அவை. "இந்த வழக்கு உண்மையானதுதானா?" என்று வழக்கறிஞர் அதனிடமே கேட்டிருக்கிறார். ஆமாம் என்று அது சொல்லியிருக்கிறது. 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் கட்டியது இயந்திரமா? இல்லை. கையெழுத்துப் போட்டவர்கள்தான் கட்டினார்கள். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

நம் உள்ளத்தின் பலவீனம்

1966-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 'எலைசா' என்ற கணினி நிரலை வெளியிட்டார். அதற்கு எதுவும் தெரியாது. மனநல மருத்துவர் போலப் பேசுவது மட்டுமே அதன் வேலை. "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று தட்டச்சு செய்தால், அந்தச் சொற்களையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும். "என் தாய்" என்று எழுதினால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்கிற மாதிரி கேட்கும். அவ்வளவுதான்.

பேராசிரியரின் செயலாளராக இருந்த பெண்மணி அந்த நிரல் உருவாவதை மாதக்கணக்கில் கண்ணால் பார்த்தவர். அது வெறும் நிரல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர் அதனுடன் சிறிது நேரம் தட்டச்சு செய்து பேசிய பிறகு, "நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா?" என்று பேராசிரியரையே கேட்டுவிட்டார். தனியாகப் பேச வேண்டுமாம்! வைசன்பாம் அதிர்ந்து போனார். பத்தாண்டுகள் கழித்து, கணினியிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் உண்டு என்று வலியுறுத்தி ஒரு நூலே எழுதினார்.

இதில் வெளிப்பட்டது இயந்திரத்தின் அறிவா? மனிதனின் தாகம்தானே! யாராவது நம் பேச்சைக் கேட்க மாட்டார்களா என்று மனிதன் ஏங்குகிறான். கேட்பது போல ஒன்று பாவனை செய்தாலும் போதும், உள்ளத்தைத் திறந்துவிடுகிறான். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நள்ளிரவில் செயலியிடம் தங்கள் துக்கத்தைச் சொல்கிறார்கள் என்றால், செயலியைத் திட்டுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்வோம். அந்தப் பிள்ளை முதலில் நம்மிடம் வந்தபோது நாம் தலை நிமிர்ந்து பார்த்தோமா? நம் கையிலும் ஒரு செல்போன் இருந்ததல்லவா?

உள்ளத்தை யார் அறிவார்?

"இயந்திரத்திற்கு உள்ளம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அடுத்த மனிதனின் உள்ளத்தைக்கூட நாம் பார்த்ததில்லையே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1950-ஆம் ஆண்டு ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதே கேள்வியை எழுப்பினார். மற்றவர்கள் சிந்திக்கிறார்கள் என்று நாம் ஒரு மரியாதைக்காக ஏற்றுக்கொள்கிறோம். இயந்திரமும் மனிதனைப் போலவே பேசினால் அதற்கும் அந்த மரியாதையைக் கொடுத்தால் என்ன என்பது அவருடைய வாதத்தின் சாரம். அறிஞர்களிடையே இன்றுவரை இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இந்த இடத்தில் உஸாமா பின் ஜைத் (ரலி) அவர்களின் சம்பவம் நினைவுக்கு வருகிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. போர்க்களத்தில் எதிரி ஒருவர் வாள் ஓங்கப்பட்ட நேரத்தில் கலிமாவைச் சொல்லிவிட்டார். உயிருக்குப் பயந்து சொல்கிறார் என்று கருதி உஸாமா (ரலி) அவரைக் கொன்றுவிட்டார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அவருடைய உள்ளத்தைத் திறந்து பார்த்துவிட்டா அவர் பயத்தில் சொன்னார் என்று முடிவு செய்தாய் என்ற பொருளில் நபியவர்கள் கண்டித்தார்கள். திரும்பத் திரும்பக் கண்டித்தார்கள். இன்றுதான் நான் இஸ்லாத்திற்கு வந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கும் அளவுக்கு அந்தக் கண்டனம் இருந்தது.

உள்ளத்தை நாம் பார்க்க முடியாது, நாவில் வந்த சொல்லை மதிக்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். அப்படியானால் இயந்திரத்தின் சொல்லையும் அதே போல மதித்துவிடலாமா? சற்று யோசியுங்கள். அந்த மனிதர் கலிமாவைச் சொன்னபோது தன்னுடைய கழுத்தை அந்தச் சொல்லோடு சேர்த்து வைத்தார். அந்தச் சொல் உண்மையானால் அவருக்கு சுவனம், பொய்யானால் மறுமையில் அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும். சொல்லுக்குப் பின்னால் ஓர் உயிர் நிற்கிறது. இயந்திரம் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்? அது சொன்னது சரியானாலும் அதற்கு நன்மை எழுதப்படுவதில்லை. தவறானாலும் கப்ரில் அதனிடம் கேள்வி இல்லை.

வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்தான் என்று சூரா அல்அஹ்ஸாபின் 72-ஆவது வசனம் கூறுகிறது. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று சூரா பனீ இஸ்ராயீலின் 36-ஆவது வசனம் எச்சரிக்கிறது. மனிதனின் தனிச்சிறப்பு அவன் வேகமாகக் கணக்குப் போடுவதில் இல்லை. 1997-லேயே சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவைக் கணினி தோற்கடித்துவிட்டது. அதனால் மனிதன் சிறுத்துவிடவில்லை. கேள்வி கேட்கப்படுபவன் என்பதுதான் அவனுடைய சிறப்பு. ரூஹின் எதார்த்தம் ரப்புடைய விவகாரம், நமக்குக் கொடுக்கப்பட்ட அறிவு சொற்பமானது என்று அதே சூராவின் 85-ஆவது வசனம் நம்மைப் பணிய வைக்கிறது. அந்த எல்லையோடு நாமும் நிறுத்திக்கொள்வோம்.

இஸ்னாத் கற்றுத் தந்த பாடம்

பெரியோர்களே! ஒரு செய்தியை ஏற்க வேண்டுமானால் அதைச் சொன்னவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை உலகுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நம் முஹத்திஸீன்கள். ஓர் அறிவிப்பாளரிடம் அவர்கள் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று 'ளப்த்', கேட்டதைப் பிசகாமல் பாதுகாக்கும் திறன். மற்றொன்று 'அதாலத்', அல்லாஹ்வை அஞ்சி நடக்கும் நேர்மை. நினைவாற்றல் மலைபோல் இருந்தாலும் நேர்மை இல்லாதவரின் ஹதீஸை அவர்கள் எடுக்கவில்லை. அழுது தொழும் வணக்கசாலியாக இருந்தாலும் நினைவில் தடுமாறுபவரின் ஹதீஸையும் எடுக்கவில்லை.

இந்த அளவுகோலை இயந்திரத்தின் மீது வைத்துப் பாருங்கள். ளப்த் இருக்கிறதா? மூன்று முறை கேட்டால் மூன்று எண் தருகிறது. அதாலத் இருக்கிறதா? பயப்படுவதற்கு அதற்கு மறுமையே இல்லை. அப்படியிருக்க அதனிடம் மார்க்கத்தை எப்படி வாங்குவது?

ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் தேசத்தில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். நமக்கு மூன்று நொடியில் பதில் வருகிறது. வந்த வேகத்திலேயே அனுப்பியும் விடுகிறோம். கேட்டதையெல்லாம் சரிபார்க்காமல் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிம் நூலின் முன்னுரையில் பதிவாகியிருக்கிறது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைதூரத்திலிருந்து ஒருவர் கேள்விகளோடு வந்தார். பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்றே இமாம் பதில் சொன்னார்கள். ஊர் மக்களிடம் நான் என்ன சொல்வது என்று வந்தவர் தவித்தார். மாலிக்குக்குத் தெரியாது என்று போய்ச் சொல்லும்படி அனுப்பிவிட்டார்கள். ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்களைக் கற்றுக் கொடுத்த நிகழ்ச்சியில், நீ கற்றுத் தந்ததைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தெரியாது என்று மலக்குகளும் ஒப்புக்கொண்டார்கள். தெரியாது என்று சொல்வதற்கு உள்ளே ஓர் அச்சம் வேண்டும். அந்த அச்சமும் ஓர் அறிவுதான்.

அடுத்தடுத்த இரண்டு சூராக்கள்

இப்போது நான் என் விஷயத்திற்கு வருகிறேன். ஒரு வியாழன் இரவு. உடம்புக்கு முடியவில்லை. மறுநாள் தவ்பாவைப் பற்றிப் பேச வேண்டும். அதே போன்ற ஒரு செயலியிடம் எழுதித் தரச் சொன்னேன். உடனே வந்தது. நடையும் நன்றாகவே இருந்தது. படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரியில், தன் பாவங்களை எண்ணி இரவெல்லாம் அழுவதாக அது எழுதியிருந்தது. பாவமே செய்ய முடியாத ஒன்று, இரவென்றால் என்னவென்று தெரியாத ஒன்று எழுதிய வரி!

சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றுவிட்டது. நாளை இதே வரியை நான் மிம்பரில் நின்று சொல்லப் போகிறேன். நான் அழுதேனா?

அப்போதுதான் தம்பியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. திரையில் இருக்கும்வரை அந்த வரி பொய்யில்லை, வெறும் எழுத்து. என் நாவுக்கு வந்த மறுகணமே அது பொய். ஏனென்றால் எனக்குக் கல்பு இருக்கிறது. அந்தக் கல்பு அழவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.

நபி (ஸல்) அவர்கள் ஜுமுஆ தொழுகையில் சூரா அல்ஜுமுஆவையும் சூரா அல்முனாஃபிகூனையும் ஓதியதாக முஸ்லிமில் வருகிறது. குர்ஆனில் அடுத்தடுத்து வரும் 62, 63-ஆவது சூராக்கள். முதல் சூராவில், வேதம் கொடுக்கப்பட்டும் அதன்படி நடக்காதவர்கள் ஏடுகளைச் சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடப்படுகிறார்கள். சுமை முதுகில் இருக்கிறது. உள்ளே எதுவும் இறங்கவில்லை. இரண்டாவது சூராவின் தொடக்கத்தில் முனாஃபிக்குகள் வந்து, நீங்கள் அல்லாஹ்வின் தூதர் என்று சாட்சி சொல்கிறார்கள். அந்த வாக்கியம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனாலும் அவர்கள் பொய்யர்கள் என்று அல்லாஹ் சாட்சி சொல்கிறான். வாக்கியம் உண்மை, சொன்னவன் பொய்யன்! அவர்கள் பேசினால் காது கொடுத்துக் கேட்கத் தோன்றும், ஆனால் அவர்கள் சாய்த்து வைத்த மரக்கட்டைகளைப் போன்றவர்கள் என்று 4-ஆவது வசனம் கூறுகிறது.

அழகாகப் பேசும், உள்ளம் இல்லாத கட்டை. இயந்திரம் அப்படி இருப்பதில் குற்றமில்லை; அது அப்படித்தான் செய்யப்பட்டது. கல்பு கொடுக்கப்பட்ட நான் அப்படி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் பயம்.

ஒரு நாளின் ஃபர்ளு தொழுகைகளில் மட்டும் 17 ரக்அத்துகள். நம் நாவு ஃபாத்திஹாவை எப்படி ஓதுகிறது? ஒரு சொல் முடிந்ததும் அடுத்த சொல் தானாக வருகிறது. கல்பு கடையில் இருக்கிறது, கடனில் இருக்கிறது, காலையில் நடந்த சண்டையில் இருக்கிறது. அடுத்த சொல்லைக் கணக்கிடும் இயந்திரத்திற்கும் அந்த நேரத்து நமக்கும் என்ன வித்தியாசம்?

ஹிஜ்ரி 505-இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தொழுகைக்கு உயிர் கொடுக்கும் ஆறு விஷயங்களை எண்ணிக் காட்டுகிறார்கள்: கல்பு ஆஜராக இருப்பது, ஓதுவதன் பொருளை விளங்குவது, அல்லாஹ்வை மகத்துவப்படுத்துவது, அவனுடைய கம்பீரத்துக்கு அஞ்சுவது, அவனிடம் ஆதரவு வைப்பது, தன் குறையை எண்ணி வெட்கப்படுவது. ஒரு வசனத்தின் பொருளை இயந்திரமும் எழுதித் தந்துவிடும். அஞ்சி நடுங்குவதையும் ஆதரவு வைப்பதையும் வெட்கப்படுவதையும் எதைக் கொண்டு எழுதும்? அவை நம்மிடம் மட்டுமே கேட்கப்பட்டவை.

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, இந்த இயந்திரத்தை வேலைக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள், முஃப்தியாக ஆக்கிவிடாதீர்கள். கணக்குக்கும் மொழிபெயர்ப்புக்கும் படிப்புக்கும் பயன்படுத்துங்கள். தலாக், வாரிசுரிமை, ஜகாத் போன்றவற்றுக்கு உங்கள் ஊர் ஆலிமிடம் வாருங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் அவருக்கு இருக்கும்.

இரண்டாவது, கிதாபில் பார்க்காத எந்த ஹதீஸையும் அனுப்பாதீர்கள். நியூயார்க்கில் அபராதம் கட்டியது கையெழுத்துப் போட்டவர்கள்தான். அனுப்பும் பொத்தானை அழுத்திய விரல்தான் நாளை மறுமையிலும் பேசும்.

மூன்றாவது, கல்பு செய்ய வேண்டிய வேலையை இயந்திரத்திடம் கொடுக்காதீர்கள். மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? நீங்களே எழுதுங்கள். மௌத்தான வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமா? போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். வார்த்தை தடுமாறினாலும் பரவாயில்லை. அந்தத் தடுமாற்றமே உங்கள் உள்ளம் அங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

நான்காவது, இன்றிரவு செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் உங்கள் தாய்மொழியில் அல்லாஹ்விடம் பேசுங்கள். அழகான வாசகம் தேட வேண்டாம். "யா அல்லாஹ், எனக்கு இது முடியவில்லை" என்ற ஒரு வார்த்தை போதும். இயந்திரம் எத்தனை துஆக்களை வேண்டுமானாலும் எழுதும். ஆனால் அதற்குத் தேவை என்று ஒன்று கிடையாது. தேவையுள்ளவன் நான். கேட்பவன் ரப்பு. அவன் கேட்பது போல நடிப்பவன் அல்லன். நாம் சொல்லி முடிக்கும் முன்பே அறிந்தவன்.

உடலில் ஒரு சதைத்துண்டு இருக்கிறது, அது சீரானால் உடல் முழுவதும் சீராகும், அது கெட்டால் எல்லாமே கெடும், அதுதான் கல்பு என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிச் சென்றார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவு சொல்வதை எங்கள் கல்புகளும் சொல்லும்படி ஆக்குவாயாக! எங்கள் தொழுகைகளில் எங்கள் உள்ளங்களை ஆஜராக்குவாயாக! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பணிவை எங்களுக்குத் தருவாயாக! உன் தூதரின் பெயரால் பொய் பரவ எங்கள் விரல்கள் காரணமாகிவிடாமல் காப்பாயாக! எங்கள் பிள்ளைகள் மனம் திறந்து பேச எங்கள் வீடுகளிலேயே செவிகளை உண்டாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.